102400: இந்த எண் உங்களுக்கு எங்கே எதிர்ப்பட்டது?

தேவகோட்டை உறுப்பினர்:
பூர்வீக வீட்டின் இரண்டாங்கட்டு அறையை ஒழித்தபோது, ஐயா காலத்து எண்சுவடி ஒன்று அகப்பட்டது. முந்திரி என்ற பழைய தமிழ்ப் பின்னம் 1/320 என்றும், முந்திரியிலும் ஒரு முந்திரி கீழ்முந்திரி என்றும் அப்பத்தா சிறுவயதில் ஒப்பிக்கக் கேட்டிருக்கிறேன். அந்தக் கீழ்முந்திரியின் பகுதியில் நிற்பது 320 × 320, அதாவது 102400 என்று அன்றுதான் பெருக்கிப் பார்த்தேன். காரணிப்படுத்தினால் 2¹² × 5² வருகிறது. 2, 5 தவிர வேறு பகா எண் இல்லை. காணி (1/80), மா (1/20), மாகாணி (1/16) ஆகியவற்றின் பகுதிகளும் அப்படியே இருப்பதால், இவற்றில் எதைத் தசமத்தில் எழுதினாலும் மீதியின்றி முடிந்துவிடும். கீழ்முந்திரி 0.000009765625, புள்ளிக்குப் பின் சரியாகப் பன்னிரண்டு இலக்கங்கள், ஏனெனில் இரண்டு அடுக்குகளில் பெரியது 12. (அதனினும் சிறிய பின்னமான இம்மிக்கு இறங்கினால் பகுதியில் 7 நுழைந்துவிடும், அங்கே தசமம் முடியவே முடியாது.)

காரைக்குடி உறுப்பினர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:
மேலே உள்ளதைப் படித்துவிட்டு, இரவில் இதன் காரணிகளை எல்லாம் தாளில் எழுதிக் கூட்டினேன். இரண்டு முறை கூட்டி இரண்டு விடைகள் கிடைத்தன என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். அடுக்குகளைக் கொண்டு கணக்கிடுவதே முறை. காரணிகள் (12 + 1) × (2 + 1) = 13 × 3 = 39. எண் முழுவர்க்கமாதலால் 320 தனக்குத்தானே இணையாகிறது. அதனால்தான் எண்ணிக்கை ஒற்றைப்படையாக நிற்கிறது. காரணிகளின் கூடுதல் (1 + 2 + 4 + … + 4096) × (1 + 5 + 25) = 8191 × 31 = 253921. இந்த 8191, 31 ஆகிய இரண்டுமே இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த பகா எண்கள், அதாவது மெர்சென் பகா எண்கள் என்பதைக் கண்டபோது உறக்கம் கலைந்தது. எண்ணையே கழித்தாலும் 151521 மிஞ்சுகிறது. அது 102400ஐ விடப் பெரிது என்பதால் இது மிகை எண் வகையைச் சேர்ந்தது.

ஆத்தங்குடி உறுப்பினர்:
எனக்கு இது தரையில் எதிர்ப்பட்டது. 320 அங்குலச் சதுரமான பட்டாலை (கூடம்) ஒன்று கட்டுவதாக இருந்து, எட்டு அங்குல ஆத்தங்குடிக் கற்கள் 40 × 40 = 1600 வாங்கிவிட்டோம். பிறகு அப்பச்சி மனம் மாறி, 192 அங்குலத்திலும் 256 அங்குலத்திலும் இரண்டு சதுர அறைகள் போதும் என்றார். மிஞ்சிய கல்லை யாரிடம் தள்ளுவது என்ற கவலையோடு இருந்தபோது, 24 × 24 = 576, 32 × 32 = 1024 எனக் கணக்கு அதே 1600இல் வந்து நின்றது; உடைசலுக்கென வாங்கியிருந்தவை மட்டுமே மீந்தன. 192² + 256² = 102400 என்பதை இன்று இங்கே படித்த பிறகுதான் சரிபார்த்தேன். கொத்தனாரிடம் சொன்னேன். அவர் வியக்கவில்லை, மூலைமட்டம் பார்க்கக் கயிற்றில் 3, 4, 5 அளக்கிறோமே, அதைத்தான் 64 மடங்கு பெரிதாக்கியிருக்கிறீர்கள் என்றார்.