டெங்கு இரண்டாம் முறை வரும்போது ஏன் கடுமையாகிறது?

மாங்குளத்தாள்:
வணக்கம். மாரி தொடங்கியதும் எங்கள் பக்கம் டெங்கு மீண்டும் தலைகாட்டுகிறது. என் மகனுக்கு முன்பொருமுறை வந்து மாறியது. சின்னமுத்து ஒருமுறை வந்தால் பெரும்பாலும் மறுபடி வராது. டெங்கு மட்டும் மறுமுறை வந்தால் கூடுதல் ஆபத்து என்கிறார்கள். ஒருமுறை எதிர்த்துப் பழகிய உடலுக்கு இது எப்படி நேர்கிறது?

கிளிநொச்சி உயிரியல் ஆசிரியர்:
சகோதரி, டெங்கு வைரசில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகை வந்து மாறினால் அவ்வகைக்கு எதிரான நிர்ப்பீடனம் நெடுங்காலம் நிலைக்கும். மற்ற மூன்றுக்கும் எதிரான பாதுகாப்போ சில மாதங்களில் தேய்ந்துவிடும். பின்னர் வேறொரு வகை தொற்றும்போது, பழைய பிறபொருளெதிரிகள் (முதல் தொற்றை எதிர்க்க உடல் உருவாக்கிய புரதங்கள்) அதனுடன் ஒட்டிக்கொள்கின்றன; ஆனால் அதைச் செயலிழக்கச் செய்யும் வலு அவற்றுக்குப் போதுவதில்லை. பிறபொருளெதிரி ஒட்டிய எதையும் விழுங்குவது சில வெண்குழியங்களின் இயல்பு. டெங்கு வைரசு பெருகுவதும் அதே குழியங்களுக்குள்தான் என்பதால், காவலாளியே கள்ளனைக் கைபிடித்து வீட்டுக்குள் அழைத்துவந்த கதையாகிறது.

வவுனியா வாசகன்:
ஐயா, இது வெறும் கருதுகோள் இல்லையா?

கிளிநொச்சி உயிரியல் ஆசிரியர்:
தாய்லாந்தில் ஆய்வு செய்த ஸ்கொட் ஹால்ஸ்டெட் இதை முன்வைத்தபோது பலர் ஐயுற்றது உண்மைதான். ஆனால் கியூபாவில் 1977இல் முதலாம் வகையும் 1981இல் இரண்டாம் வகையும் பரவியபோது, கடுமையாக நோயுற்றோரில் மிகப் பெரும்பாலானோர் முன்னரே முதலாம் வகைத் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர். என்னை முழுமையாக நம்பவைத்தது கைக்குழந்தைகளின் நிலைதான்: தாயிடமிருந்து பெற்ற பிறபொருளெதிரிகள் ஆறு மாதத்தின் பின் குறைந்துவரும் பருவத்தில், முதல் தொற்றிலேயே சில குழந்தைகளுக்கு நோய் கடுமையாகிவிடுகிறது. அதாவது பிறபொருளெதிரி நிறைய இருந்தாலும் காப்பு, அறவே இல்லாவிட்டாலும் இந்த இடர் இல்லை. இடைப்பட்ட அளவே சிக்கல். டெங்குத் தடுப்பூசி உருவாக்குவது நெடுங்காலம் இழுபட்டதற்கும் இதுவே முக்கிய காரணம்.

தாதி ஒருவர்:
ஐயாவின் விளக்கத்துடன் ஒன்று சேர்க்கிறேன். இரண்டாம் தொற்றுகளிலும் பெரும்பாலானவை கடுமையாவதில்லை, எனவே அக்கா கலங்க வேண்டாம். ஆயினும் குருதிக்கலன்களிலிருந்து குருதியின் திரவப்பகுதி கசியத் தொடங்குவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான். அந்த ஓரிரு நாள்களில் கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, சோர்வு, குருதிக்கசிவு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் கொடுக்கலாம். அஸ்பிரின், இபுபுரோபன் குருதிக்கசிவைக் கூட்டக்கூடும்.