தாத்தாவின் சீக்கோ ஃபைவ்: எந்த வருடத்து வாட்ச்?

அறந்தாங்கிப் பேரன்:
வணக்கம். அப்பா போன மாசியில் தவறினார். அவர் பீரோவில், மஞ்சள் பைக்குள் தாத்தாவின் கைக்கடிகாரம் இருந்தது. சீக்கோ ஃபைவ். 1965-இல் தாத்தா சிங்கப்பூரை விட்டு வந்தபோது கையில் கட்டிக்கொண்டு வந்தது என்பார் அப்பா. வீட்டில் அதற்குப் பெயரே 'சிங்கப்பூர் வாட்ச்'.

எஃகு உடம்பு, நீல முகப்பு. ஆறு மணிப் பக்கம் ஈரம் ஏறிப் புள்ளி விழுந்திருக்கிறது. பின்மூடியில் 7009 என்று தொடங்கும் எண் ஒன்று. தனியாக இன்னொன்று: 8, அடுத்து ஆங்கில எழுத்து 'என்', அப்புறம் நான்கு இலக்கம். கிழமை ஆங்கிலத்தில் இருக்கிறது. முள்ளைப் பன்னிரண்டு தாண்டித் திருப்பினால் நடுவே அரபி எழுத்து வந்து போகிறது. சாவி எவ்வளவு கொடுத்தாலும் ஏறவில்லை. இது எந்த வருடத்தது? இங்கே ஒருவர் முகப்புக்குப் புதுப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

செட்டிநாட்டுக்காரன்:
வரிசை எண்ணின் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண். 8 என்றால் 1968. மூன்று வருடம்தான் இடிக்கிறது, தாத்தா 68-இல் வந்திருப்பார்.

கடிகாரக் கடை மகன்:
1968 ஆக முடியாது. முதலில் பார்க்க வேண்டியது 7009-ஐ. அது உள்ளே ஓடும் மெஷினின் எண். அந்த மெஷின் 70-களின் நடுவில்தான் வந்தது. அதனால் உங்கள் 8 ஒன்று 1978, இல்லையென்றால் 1988. இரண்டாவது இடம் மாதம்: ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9, அப்புறம் அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. ஆக, நவம்பர் மாதம் செய்த வாட்ச்.

அரபியைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். விற்கப்போகும் ஊரைப் பார்த்துத்தான் ஆங்கிலத்தோடு இரண்டாவது மொழியைப் போடுவார்கள். சிங்கப்பூர்ப் பக்கம் விற்றதில் சீன எழுத்து இருக்கும். அரபி என்றால் வளைகுடாச் சரக்கு. உங்கள் வீட்டில் துபாய், குவைத் என்று யாராவது போயிருந்தார்களா?

78-ஆ 88-ஆ என்று தெரிய, நல்ல கடையில் கொடுத்துப் பின்மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். மூடியின் உட்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். சர்வீஸ் செய்தவர்கள் தேதியையும் தங்கள் அடையாளத்தையும் ஊசியால் பொடியாகக் கீறி வைப்பது வழக்கம். என் அப்பாவும் அப்படித்தான் கீறுவார். தாத்தா எப்போது தவறினார் என்பதையும் சொல்லுங்கள்.

சாவி ஏறாதது கோளாறு இல்லை. இந்த மெஷினுக்குக் கையால் சாவி கொடுக்கும் வசதியே கிடையாது. மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டினால் உள்ளே அரைவட்டத் தகடு சுற்றி ஸ்பிரிங்கை ஏற்றும். ஆனால் எண்ணெய் காய்ந்துபோயிருக்கும், சர்வீஸுக்கு முன்னால் அதிகம் ஓட்ட வேண்டாம். பெயின்ட் மட்டும் தயவுசெய்து வேண்டாம். முகப்பின் கீழ் விளிம்பில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், அதிலும் 7009 வரும். முகப்பு அந்த மெஷினுக்கு உரியதுதான் என்பதற்கு அதுவே சாட்சி. பெயின்ட் அடித்தால் முதலில் போவது அந்த வரிதான்.

அறந்தாங்கிப் பேரன்:
ஐயா, மூடியைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே இரண்டு கீறல். ஒன்று தேய்ந்துவிட்டது. இன்னொன்று தெளிவாக 11-84, பக்கத்தில் ஒரு 'மு'. தாத்தா தவறியது 1986. ஆக, 1978 நவம்பர்தான்.

வளைகுடா என்றதும் சித்தப்பா ஞாபகம் வந்தது. 77-இல் குவைத் போனவர். நேற்று போன் செய்து கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "சிங்கப்பூர் வாட்ச் உங்க அத்தை கல்யாணத்துல அடகுக்குப் போயிடுச்சு தம்பி. திருப்ப முடியல, முழுகிப்போச்சு. அதுக்கப்புறம் உங்க தாத்தா யார்கிட்டயாவது மணி கேக்கணும்னா இடது கையப் பின்னாடி மறைச்சுக்கிட்டுத்தான் கேப்பாரு. 79-ல லீவுல வந்தப்ப நான்தான் இத கட்டி விட்டேன்."

அப்பா அப்போது நெய்வேலியில் வேலையில் இருந்தார். அடகு வைத்ததை அவருக்குச் சொல்லக்கூடாது என்று தாத்தா சத்தியம் வாங்கிக்கொண்டாராம். சித்தப்பா நாற்பது வருடத்துக்கு மேல் அதைக் காப்பாற்றியிருக்கிறார். அப்பாவும் கடைசிவரை இதைச் சிங்கப்பூர் வாட்ச் என்றே நம்பி, துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்.

முகப்பைத் தொடவில்லை. கீழ் விளிம்பு வரி இருக்கிறது, 7009 என்றே தொடங்குகிறது. சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டேன். வந்ததும் ஒரு நாள் சித்தப்பா கையில் கட்டிப் பார்க்க வேண்டும்.

கடிகாரக் கடை மகன்:
சர்வீஸ் செய்கிறவரிடம் இந்த மாதத்தையும் உள்ளே கீறச் சொல்லுங்கள்.