மாட்டுக் கண்ணில் பூ: டியூப் மருந்து யாருக்கெல்லாம் கேட்காமல் போனது?

பாலக்கோடு:
செவலைக்கு இடது கண்ணில் நீர் வடிந்து பூளை கட்டியது. போன வருடம் கன்றுக்கு வாங்கிய, கிருமியைக் கொல்லும் டெட்ராசைக்ளின் கண் களிம்பு டியூப்பில் மீதி இருந்ததைப் போட்டேன். இரண்டு நாளில் கண்ணைத் திறந்தது, நிறுத்திவிட்டேன். மறு வாரமே திரும்ப வந்தது, திரும்பவும் டியூப். மூன்றாம் முறை கருவிழி நடுவில் பச்சரிசி அளவுக்கு வெள்ளை. மருத்துவர் பஞ்சுக் குச்சியால் ஒற்றி ஆய்வகத்துக்கு அனுப்பினார்.

முடிவு வாங்கப் போனபோது, கண்ணில் ஒற்றி எடுத்த கிருமியை வளர்த்த தட்டையே காட்டினார்கள். மருந்து தோய்த்த சின்னச் சின்ன வட்டத் தாள்கள். சிலவற்றைச் சுற்றிக் கிருமி வளராமல், துடைத்துவிட்டதுபோல் வெறுமை. டெட்ராசைக்ளின் தாளின் ஓரம் வரைக்கும் கிருமி அப்பிக் கிடந்தது. நான் காசு கொடுத்து வாங்கிய மருந்தை ஒட்டிப் படுத்திருக்கிறது! வேறு ஊசி போட்டுக் கண் தப்பியது. பூ மட்டும் நிற்கிறது.

அரூர்:
எல்லாவற்றுக்கும் கிருமியின் மேல் பழி போடாதீர்கள். எங்கள் எருதுக்கு மூன்று டியூப் தீர்ந்தது. கடைசியில் மருத்துவர் இமையைப் பிரித்துக் காட்டினார். விழியின் மேல் வெள்ளை நூல் ஒன்று நெளிந்தது. புழு. ஈ கொண்டுவந்து விடுவது. அதற்கு டெட்ராசைக்ளின் எப்படிக் கேட்கும்?

பாலக்கோடு:
உங்களுடையது புழு, என்னுடையது தட்டில் வளர்ந்த கிருமி. இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்.

தேன்கனிக்கோட்டை:
எங்கள் கன்றுக்குக் கடையில் கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தால் கண்ணே போயிற்று. அதை விடுங்கள். பாலக்கோட்டுக்காரர் செய்த தவறு, பாதியில் நிறுத்தியது. பாதி மருந்தில் சாவது நோஞ்சான் கிருமிதான், தாக்குப்பிடித்தது பெருகும். இந்தக் கண் நோய்க்கு முதல் குற்றவாளி மொராக்செல்லா போவிஸ் என்ற பாக்டீரியா. அதன் பங்காளிக் கிருமியான மொராக்செல்லா போவோகுலையில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் ஒரே துண்டாகச் சேர்ந்திருப்பதை அமெரிக்காவில் கண்டிருக்கிறார்கள். ஆகவே மருந்து போடுவதற்கு முன்பே கண்ணீரை ஒற்றி அனுப்புங்கள். போட்ட பிறகு எடுத்தால் தட்டில் ஒன்றும் வளராமல் போகலாம். கண்ணில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு கூடவே கூடாது. நோய் கண்ட மாட்டை நிழலில் தனியாகக் கட்டுங்கள், ஒரே துணியால் எல்லா மாட்டுக்கும் துடைக்காதீர்கள், சாணத்தை அள்ளி ஈயைக் குறையுங்கள். ஊசி போட்டால் எத்தனை நாள் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவசரத்துக்குக் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962.

ஊத்தங்கரை:
இவ்வளவும் யார் கேட்டது? என் மாமனார் உப்பை மென்று மாட்டின் கண்ணில் துப்புவார், நான் தடுத்தால் சண்டை. அது இருக்கட்டும், செவலைக்கு அந்தக் கண்ணில் பார்வை இருக்கிறதா?

பாலக்கோடு:
இடப்பக்கமாகப் போனால் மிரண்டு உதைக்கிறது. முதலில் கழுத்தில் கை வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் கறக்க உட்காருகிறேன்.