மாடிப் பூச்சு கரைந்து போன கதை

ராயபுரத்தில் எங்கள் வீடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்த பிறகு பார்த்தால், கூடத்துக் கூரைத் தளத்தில் ஓதம் பரவி, ஒரு மூலையில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது. கடல் காற்றுப் படுகிற வீடு. துரு ஏறினால் கம்பி தடித்து, மிச்சக் காரையையும் தள்ளிவிடும். அந்தப் பயத்தில் இருந்தபோதுதான் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள்.

“அடுத்த தெருவுல வாட்டர் ப்ரூஃபிங் முடிச்சோம்மா, கெமிக்கல் மிச்சம் இருக்கு. இன்னைக்கே சொன்னீங்கன்னா சதுர அடி 45 ரூபாய்.”

எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. கேட்டு, நாலு எட்டு நடந்து பார்த்திருந்தால் போதும்.

அட்வான்ஸ் 20,000. மாடி 600 சதுர அடிதான். கைப்பிடிச் சுவரையும் சேர்த்து 780 என்று கணக்குக் காட்டினார்கள். நான் சமையலில் இருந்த நேரத்தில் வெடிப்பைக் கொத்தாமல், பாசியைக்கூடத் தேய்க்காமல், மேலே வெள்ளையாக அடித்துவிட்டு மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த மழையில் அந்தப் பூச்சு பால் மாதிரி கரைந்து மழைநீர்க் குழாயில் இறங்கியது. போன் ஸ்விட்ச் ஆஃப். கையில் ஒரு பில்லாவது இருந்திருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லி, நுகர்வோர் ஆணையத்துக்கும் போயிருப்பேன். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணமும் கிடையாது.

அப்புறம் பழைய வண்ணாரப்பேட்டை மேஸ்திரி ஒருவர் வந்தார். வெடிப்பைக் கொத்தி, கழுவி, காயவிட்டு அடைத்தார். கெமிக்கல் டப்பாவின் சீலை என் கண்ணெதிரே உடைத்தார். வேலை முடிந்து பூச்சு காய்ந்ததும், தண்ணீர் போகும் வாயைத் துணியால் அடைத்து, மாடியில் இரண்டு நாள் தண்ணீர் கட்டினார். “கீழ போய்க் கூரையைத் தடவிப் பாருங்கம்மா” என்றார். உலர்ந்திருந்தது. கடைசித் தவணையை அதற்குப் பிறகுதான் வாங்கினார்.

---

அக்கா, உங்களுக்கு மாடிப் பூச்சில் நடந்த மாதிரி எனக்குத் தண்ணீர் மோட்டார் விஷயத்தில் நடந்தது. எங்கள் வீடு கொருக்குப்பேட்டை. ஸ்விட்சைப் போட்டால் உம்மென்று சத்தம் வருகிறது, ஓடவில்லை. வந்தவர் பார்த்த உடனே, “உள்ள கம்பி சுத்தியிருக்கிற காயில் எரிஞ்சுபோச்சு, 4,500 ஆகும்” என்று கழற்ற ஆரம்பித்தார். எரிந்திருந்தால் கருகின வாடை வருமே என்று என் மாமனார் தடுத்துவிட்டார். வேறொருவர் வந்து, மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரை மட்டும் மாற்றினார், ஓடியது. நிஜமாகவே காயில் கட்ட வேண்டி வந்தால் பழைய செம்புக் கம்பியைத் திருப்பிக் கேளுங்கள், எடைக்குக் காசு உண்டு. புதிதாகச் சுற்றுவது செம்பா, அலுமினியமா என்பதையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.