புத்தக அலமாரியில் பூச்சி, என்ன மருந்து அடிப்பது? அவசரம்

நித்யகல்யாணி:
வணக்கம். அப்பாவின் புத்தக அலமாரி முழுக்கப் பூச்சி. மருந்து அடித்தால் சில நாள் காணாமல் போகிறது, மறுபடி வந்துவிடுகிறது. வீரியமான மருந்து ஒன்று சொல்லுங்கள். ஞாயிறன்று வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள்.

பழம்புத்தகப் பிரியன்:
எந்தப் பூச்சி? வெள்ளியாக மின்னி, விளக்கைப் போட்டதும் வழுக்கி ஓடுகிறதா? வாலில் மூன்று இழைகள் இருந்தால் அது இராமபாணப் பூச்சி. தாள்களைத் துளைத்துக்கொண்டு வட்ட ஓட்டைகள் போகின்றன என்றால் அது வண்டின் புழு, அதற்கு வைத்தியம் வேறு. எந்த ஊர்? என்ன மருந்து அடித்தீர்கள்?

கொல்லைவேம்பு:
மருந்தே வேண்டாம். வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து தட்டுக்குத் தட்டு வையுங்கள், வேப்பிலையும் போடுங்கள். ஓலைச்சுவடிகளைக் காத்தவை இவைதான்.

சுவடிக்கூடம்:
இதே கேள்விக்கு இங்கே பலமுறை விளக்கமாக எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. வேம்பு அவர்களே, பச்சை வேப்பிலையைப் புத்தகத்துக்குள் வைத்தால் ஈரமும் கறையும்தான் மிஞ்சும். வசம்பு வாசனைக்குப் பூச்சி விலகலாம். இடுக்கில் இட்ட முட்டையை அது என்ன செய்யும்?

கொல்லைவேம்பு:
பச்சை இலை என்று நான் எங்கே சொன்னேன்? நிழலில் உலர்த்திய இலையைத்தான் எங்கள் வீட்டில் வைப்போம்.

தெற்குவாசல்:
அந்துருண்டை போட்டு மூடிவிடுங்கள். வேலை முடிந்தது.

மருதாணி:
வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்துருண்டை வேண்டவே வேண்டாம். அதன் நாப்தலீன் ஆவி, ஜி6பிடி நொதி (சிவப்பணுக்களைக் காக்கும் புரதம்) குறைந்த குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். அந்தக் குறை இருப்பது பெற்றோருக்கே பெரும்பாலும் தெரியாது.

தெற்குவாசல்:
தலைமுறை தலைமுறையாகத் துணிப்பெட்டியில் போடுகிறோம், யாருக்கு என்ன ஆனது?

மருதாணி:
மஞ்சள்காமாலை கண்ட பச்சிளங்குழந்தைக்கு அந்துருண்டைப் பெட்டித் துணியைச் சுற்றாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். தயவுசெய்து பரிந்துரைக்காதீர்கள்.

நித்யகல்யாணி:
வெள்ளியாக மின்னுகிறது, வாலும் நீங்கள் சொன்னபடிதான். சென்னை, தரைத்தளம். அடித்தது கரப்பான் மருந்து. எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. ஓட்டை இல்லை. பழைய அகராதியின் துணி அட்டை சுரண்டப்பட்டு இழை தெரிகிறது, தட்டில் மிளகுத்தூள் போல ஏதோ கிடக்கிறது.

பழம்புத்தகப் பிரியன்:
அது பூச்சியின் எச்சம். புத்தக முதுகில் இருக்கும் மைதாப் பசைக்குத்தான் வருகிறது. மயில்துத்தம் (தாமிர சல்பேட்) கலந்து காய்ச்சிய பசையாக இருந்தால் எளிதில் தொடாது. அலமாரிக்குப் பின்னால் என்ன சுவர்?

சுவடிக்கூடம்:
முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

நித்யகல்யாணி:
குளியலறைச் சுவர். அலமாரி சுவரோடு ஒட்டியிருக்கிறது.

பழம்புத்தகப் பிரியன்:
அப்படியென்றால் மருந்தை நிறுத்துங்கள். காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் இந்தப் பூச்சி பெருகும். தீனி இல்லாமல் மாதக்கணக்கில் தாங்கும், வறட்சியைத் தாங்காது. அலமாரியை நான்கு விரல் தள்ளிப் போட்டு, சுவரில் நீர்க்கசிவு இருந்தால் அடைத்துவிடுங்கள். அதுவரை ஒரு கண்ணாடி பாட்டிலின் வெளிப்பக்கம் காகித டேப் சுற்றி, உள்ளே ரொட்டித் துண்டு போட்டு இரவில் வையுங்கள். ஏறி உள்ளே விழும், வழவழப்பான கண்ணாடியில் திரும்ப ஏற முடியாது. போரிக் பவுடரை மைதாவில் கலந்து வைக்கும் வழக்கமும் உண்டு. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அது வேண்டாம்.

கொல்லைவேம்பு:
சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை இறக்கித் தூசி தட்டி வைப்பதே மழைக்கு முன் செய்யும் காப்பு. அதை விட்டுவிட்டோம்.

சுவடிக்கூடம்:
அதில் எனக்கு மறுப்பில்லை. வசம்பில்தான் மறுப்பு.

நித்யகல்யாணி:
அலமாரியை நகர்த்தினோம். சுவரில் பெயிண்ட் உப்பி உதிர்கிறது, பின்பலகை ஊறியிருக்கிறது. பிளம்பர் நாளை வருகிறார். பாட்டிலில் காலையில் ஏழெட்டு கிடந்தன. நன்றி.

பழம்புத்தகப் பிரியன்:
கசிவு குழாயிலா, டைல்ஸ் இடுக்கிலா? தெரிந்ததும் எழுதுங்கள். பலகை காயும்வரை புத்தகங்களைத் திரும்ப அடுக்காதீர்கள்.