புற்றுநோய் என்பதை நோயாளியிடம் மறைப்பது சரியா?

நெல்லைக்காரி:
என் தாயாருக்கு மார்பகப் புற்றுநோய் உறுதியானபோது, மாமாக்கள் கூடிப் பேசி, அவரிடம் சாதாரணக் கட்டி என்று மட்டும் சொல்வதென முடிவெடுத்தார்கள். கீமோவைச் சத்து ஊசி என்றோம். இரண்டாவது ஊசி போட்ட பத்தாம் நாள் இரவு அவருக்குக் காய்ச்சல் வந்தது. என்னை எழுப்ப மனமில்லாமல் சுக்குக் கஷாயம் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். விடிந்தபோது 102 டிகிரி. வெள்ளணுக்கள் குறையும் அந்நாட்களில் 100.4-ஐத் தொட்டாலே தாமதிக்காமல் வர வேண்டும் என்று அச்சிட்டுக் கொடுத்த தாள் என் கைப்பையில் இருந்தது. ஐந்து நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து மீண்டார். தன் நோயின் பெயரையே அறியாதவர் தனக்காக எப்படிப் பேசுவார்?

வைகைக்கரை:
சகோதரி, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் என் தந்தையாரிடம் இரைப்பைப் புற்றுநோய் என்று உள்ளபடியே சொன்னோம். அன்று மாலை முதல் கஞ்சிக் கிண்ணத்தைக்கூடச் சுவர்ப்பக்கம் தள்ளிவைத்துவிட்டார். நம் வீடுகளில் எந்த முடிவையும் ஒருவர் தனியாக எடுப்பதில்லை. அலைவதும் கடன் வாங்குவதும் பிள்ளைகள் என்றால், மருத்துவரிடம் பேசுவதும் அவர்களாகவே இருக்கட்டுமே.

இரவுப்பணி:
புற்றுநோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். பிள்ளைகள் பேசலாம், ஆனால் சுயநினைவோடு இருக்கும் பெரியவருக்குப் பதிலாக அவர்கள் சம்மதம் தர முடியாது. சமீரா கோலி வழக்கில், பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த பெண்ணின் தாயாரிடம் ஒப்புதல் பெற்று, கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றியது செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதேபோல, மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும். இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கப் போகிறவர்கள் அறிக்கையை மட்டும் எடுத்துச் செல்கிறார்கள். பயாப்சிக்காக எடுத்த திசு இருக்கும் கண்ணாடி ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள், அவற்றைப் பார்த்துத்தான் நோய்க்கூறு நிபுணர் மறுபடி சொல்ல முடியும்.

வைகைக்கரை:
விதியைக் காட்டிக் கேட்டால் மருத்துவரின் முகம் மாறுகிறதே, அதற்கு என்ன செய்வது? அவர் கையில்தானே உயிர் இருக்கிறது. இன்னொன்று: "எனக்கு எதுவும் தெரிய வேண்டாம், என் மகனிடம் சொல்லுங்கள்" என்று நோயாளியே சொல்லிவிட்டால், அவர் மேல் உண்மையைத் திணிப்பீர்களா?

இரவுப்பணி:
திணிக்க மாட்டோம், அப்படிச் சொல்வதும் அவருடைய உரிமைதான். முகம் மாறுவதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வரிசையில் நூறு பேர் நிற்கும் நாளில், மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு வருபவருக்குப் பெரும்பாலும் பதில் கிடைப்பதைப் பார்க்கிறேன்.

நெல்லைக்காரி:
வைகைக்கரை ஐயா, நீங்கள் சொல்லும் அந்த நோயாளியிடம் முதலில் யாராவது கேட்டிருக்க வேண்டுமல்லவா? நாங்கள் கேட்கவே இல்லை. ஐசியூவிலிருந்து வந்த பிறகு, எவ்வளவு தெரிய வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். "முடி கொட்டினப்பவே தெரியும்ளா. நீ அழுவியேன்னுதான் கேக்கல" என்றார். இப்போது கோப்பு அவர் மடியில்தான் இருக்கிறது. மூன்றாவது முறை சிவப்பு நிறக் கீமோ மருந்து ஏறும்போது, ஊசி குத்திய இடம் எரிகிறது என்று அவரே செவிலியரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னார். மருந்து நரம்பைவிட்டு வெளியே கசியத் தொடங்கியிருந்தது. நான் அப்போது கீழே மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.