கும்பகோணம் வீடு குழுவில் ஒரு சனிக்கிழமை: இங்கிலாந்தின் கென்ட்டில் நிலவன் ஆடும் ரக்பி

குழு: கும்பகோணம் வீடு
சனிக்கிழமை

வாணி அத்தை, மாலை 4:06
[படம்]
இன்று காலை எடுத்தது. ராத்திரி உறைபனி விழுந்திருந்தது, ஆட்டம் நடக்குமா நடக்காதா என்று இவர் 8 மணிக்கே மைதானத்துக்குப் போய்விட்டார். பூட்ஸ் குதிகாலால் அழுத்தினால் மண் இறங்க வேண்டும், கல் மாதிரி நின்றால் ஆட்டம் ரத்து. இறங்கிவிட்டது. மதியம் 2 மணிக்கு நம் நிலவனுக்கு ரக்பி ஆட்டம், உங்களுக்கு ராத்திரி 7:30.

பெரியப்பா, 4:11
வாணி, இதுவா மைதானம்? நடவுக்கு உழுது போட்ட வயல் மாதிரி இருக்கிறதே. பிள்ளை ஆடுவது எந்த லீக்? ஐபிஎல் மாதிரி ஏலம் எடுப்பார்களா? சம்பளம் உண்டா?

வாணி அத்தை, 4:14
சம்பளமா? அவன்தான் அண்ணா பணம் கட்டுகிறான். வருஷச் சந்தா தனி, ஆட்டத்துக்கு ஆட்டம் கட்டுவது தனி, பூட்ஸ் அவன் செலவு. பல் காப்பு என்று ஒன்று இருக்கிறது, அதை வெந்நீரில் போட்டு இளக வைத்து, சூட்டோடு வாயில் வைத்துக் கடித்தால் பல் வரிசைக்கு அச்சாகப் பதியும். நேற்று ராத்திரி அது என் பால் பாத்திரத்தில்தான் நடந்தது.

யாழினி, 4:15
அத்தை, காசு கொடுத்து ஆடுவதற்கு எதற்கு லீக்? சும்மா ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் ஆடலாமே.

சிவா மாமா, 4:22
வணக்கம் மச்சான். யாழினி கேட்டதற்கு நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் ரக்பி யூனியன், அதாவது நிலவன் ஆடும் வகை ரக்பி, முழுவதும் ஒரே ஏணி. உச்சியில் டிவியில் வரும் பிரீமியர்ஷிப், இப்போது பிரெம் என்கிறார்கள், அடுத்தது சாம்பியன்ஷிப், இப்போதைய பெயர் சாம்ப் ரக்பி, மூன்றாவது நேஷனல் 1. அதுவரை நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல்தான். நான்காவது படியில் நேஷனல் 2, அது வடக்கு, கிழக்கு, மேற்கு என்று மூன்றாகப் பிரிகிறது. ஐந்தாவதில் ரீஜனல் 1, அதில் ஆறு பட்டியல். ஆறாவதில் ரீஜனல் 2, பன்னிரண்டு. ஏழாவதிலிருந்து கவுன்டி, அதாவது நம்ம ஊர் ஜில்லா என்று வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டீஸ் 1 கென்ட், கவுன்டீஸ் 2 கென்ட் என்று அப்படியே கீழே போகும். நிலவன் கிளப் இருப்பது எட்டாவது படியில். எல்லோரோடும் ஒரு முறை நம் மைதானத்தில், ஒரு முறை அவர்கள் மைதானத்தில், செப்டம்பரில் தொடங்கி வசந்தம் வரை சனிக்கிழமை தோறும். முதலில் வந்தால் ஒரு படி மேலே, கடைசியில் வந்தால் ஒரு படி கீழே.

பெரியப்பா, 4:25
வாங்க மாப்பிள்ளை. அப்படியென்றால் எட்டாவது படியில் இருக்கும் கிளப் வருஷா வருஷம் ஜெயித்தால் மேலே போய்க்கொண்டே இருக்கலாமா?

சிவா மாமா, 4:26
உச்சிப் படியை விட்டுவிட்டால், அதுவரை வழி இருக்கிறது மச்சான். மேலே போகப் போக பணமும் மைதான வசதியும் கேட்பார்கள், அது வேறு விஷயம்.

அப்பா, 4:31
சென்னை கிரிக்கெட் லீக் மாதிரிதானே மாப்பிள்ளை. அங்கேயும் டிவிஷன் டிவிஷனாக இருக்கும், கீழே இருக்கிறவன் ஏறுவான், மேலே இருக்கிறவன் இறங்குவான். எங்கள் ஆபீசில் ஒருவர் கீழ் டிவிஷனில் இருபது வருஷம் பந்து போட்டார், திங்கட்கிழமை காலையில் தோளைப் பிடித்துக்கொண்டேதான் வருவார். இங்கிலாந்தில் இந்த லீக் நூறு வருஷத்துக்கு மேல் இருக்குமே?

சிவா மாமா, 4:40
அங்கேதான் ஆச்சரியம். லீக் வந்தது 1987-ல்.

யாழினி, 4:40
என்னது??

சிவா மாமா, 4:52
ஆமாம். ரக்பி யூனியன் சங்கம் தொடங்கியது 1871 ஜனவரி 26, லண்டனில் ஒரு உணவகத்தில், 21 கிளப்புகள் கூடி. அதிலிருந்து 116 வருஷம் லீக்கே கிடையாது. பழைய ஆட்கள் இன்றைக்கும் சனிக்கிழமை இதைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார்கள்.

காரணம் பணம். வடக்கே யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கம் ஆடியவர்கள் பலர் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை செய்தவர்கள். சனிக்கிழமை அரை நாள் வேலையை விட்டு ஆட வந்தால் கூலி போய்விடும், அந்தக் கூலியையாவது கொடுங்கள் என்று கேட்டார்கள். தெற்கில் சங்கத்தை நடத்திய வசதிக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, கையில் காசு வாங்கினால் அமெச்சூர் இல்லை என்றார்கள். கடைசியில் 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்பீல்ட் ஊரில் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திக் கிளப்புகள் கூடிப் பேசித் தனியாகப் போய்விட்டன. 13 பேர் ஆடும் ரக்பி லீக் என்ற இன்னொரு ஆட்டம் அப்படிப் பிறந்ததுதான். 15 பேர் ஆடுவது யூனியன், நிலவன் ஆடுவது அது.

பிரிந்து போனவர்கள் லீக் வைத்து, டிக்கெட் விற்று, ஆட்டக்காரர்களுக்குக் காசும் கொடுத்தார்கள். அதனால் யூனியன்காரர்களுக்கு லீக் என்ற சொல்லே ஆகாமல் போனது. பாயின்ட் பட்டியல் வந்தால் ஜெயிக்கிற வெறி வரும், வெறி வந்தால் நல்ல ஆட்டக்காரனைக் காசு கொடுத்து இழுப்பார்கள் என்ற பயம். மூன்று தலைமுறைக்கு அந்தப் பயம் நின்றது.

பெரியப்பா, 4:58
மாப்பிள்ளை, கூலி இழப்பைக் கேட்டது நியாயம்தானே. நான் கபடி டீம் நடத்திய காலத்தில் நாற்று நடவு சீசன் வந்தால் பாதிப் பேர் வர மாட்டார்கள், வந்தவனுக்கு நான் சாப்பாடும் பஸ் காசும் கொடுத்தேன். அதைக் குற்றம் என்று எவனாவது சொல்லியிருந்தால் டீமே இருந்திருக்காது. சரி, லீக் இல்லாத காலத்தில் எப்படித்தான் ஆடினார்கள்?

சிவா மாமா, 5:09
முழுக்க நட்பு ஆட்டம்தான். ஒவ்வொரு கிளப்பிலும் ஆட்டம் ஏற்பாடு செய்ய ஒரு செயலாளர் இருப்பார், கடிதம் எழுதியும் போன் போட்டும் ஒன்றிரண்டு வருஷத்துக்கு முன்பே சனிக்கிழமைகளைப் பிடித்து வைப்பார். பெரிய கிளப் பெரிய கிளப்போடுதான் ஆடும். சின்னக் கிளப் எவ்வளவு நன்றாக ஆடினாலும், யாரும் கூப்பிடாவிட்டால் மேலே வர வழியே இல்லை. எனக்கு இதில் எந்தக் குழப்பமும் கிடையாது மச்சான், லீக் வந்ததுதான் சின்ன ஊர் கிளப்புகளுக்குக் கிடைத்த நியாயம்.

1970-களிலும் 80-களிலும் மெரிட் டேபிள் என்று ஒன்று நடத்திப் பார்த்தார்கள், நடக்கிற நட்பு ஆட்டங்களை வைத்தே தரவரிசை போடுவது. அதற்குப் பிறகு 1987-ல் கரேஜ் என்ற பீர் கம்பெனி பணம் கொடுக்க, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளப்புகளை ஒரே வருஷத்தில் ஏணியில் ஏற்றிவிட்டார்கள். மேல் டிவிஷனில் முதல் வருஷம் ஜெயித்தது லெஸ்டர். அப்போது ஒருவரோடு ஒரு முறைதான் ஆடுவார்கள்.

எட்டே வருஷம். 1995 ஆகஸ்டில் உலக ரக்பி அமைப்பே பணம் கொடுக்கலாம் என்று அறிவித்துவிட்டது. மேல்தட்டு தொழிலாக மாறியது, கீழே இருப்பவர்கள் இன்னும் சந்தா கட்டி ஆடுகிறார்கள்.

யாழினி, 5:12
அப்படியென்றால் அந்தப் பழைய ஆட்கள் பயந்தது சரிதானே மாமா? லீக் வந்தது, பின்னாலேயே பணமும் வந்தது.

சிவா மாமா, 5:18
பணம் வரும் என்பதில் அவர்கள் கணக்கு தவறவில்லை. அதற்காக சின்னக் கிளப்பை நூறு வருஷம் வாசலில் நிறுத்தியது சரியில்லை யாழினி. பணத்தால் அடிபட்டவையும் மேலே இருந்த கிளப்புகள்தான். 2022-ல் வூஸ்டரும் வாஸ்ப்ஸும் கடனில் சாய்ந்தன, அடுத்த வருஷம் லண்டன் ஐரிஷ். வாஸ்ப்ஸ் 1867-ல் தொடங்கிய கிளப், ஐரோப்பிய சாம்பியனாக இருந்தது, திரும்பி வருவதென்றால் ஏணியின் அடியிலிருந்துதான் என்று சங்கம் சொல்லிவிட்டது. அந்த வாரமும் எங்கள் மைதானத்தில் 2 மணிக்கு ஆட்டம் நடந்தது.

அப்பா, 5:30
அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார். பிள்ளைக்குத் தலையில் அடிபடாதா என்று கேட்கச் சொல்கிறார்.

வாணி அத்தை, 5:37
அம்மாவிடம் மறைக்க மாட்டேன் அண்ணா. போன வருஷம் ஒரு ஆட்டத்தில் தலையில் பட்டது, நடுவர் உடனே வெளியே அனுப்பிவிட்டார். தலையில் பட்டு மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் குறைந்தது 21 நாள் ஆடக்கூடாது என்று விதி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் அவன் மறுபடி பூட்ஸ் கட்டினான். அந்த 21 நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. 2023-லிருந்து இந்தக் கீழ்ப் படிகளில் எல்லாம் ஆளைப் பிடிக்கும் உயரத்தைக் குறைத்துவிட்டார்கள், நெஞ்செலும்பின் அடிப்பக்கத்துக்கு மேலே பிடித்தால் தவறு. ஆரம்பத்தில் பையன்கள் முணுமுணுத்தார்கள், எனக்கு மனசு கொஞ்சம் ஆறியது.

பெரியப்பா, 5:41
கபடியில் நாங்கள் காலைத்தான் பிடிப்போம். நிலவனுக்கு நான் சொல்லித் தருகிறேன், கணுக்காலைப் பிடித்தால் யானையும் விழும்.

சிவா மாமா, 5:50
நிச்சயம் சொல்லித் தாருங்கள் மச்சான், அவனுக்கு அது ரொம்ப உதவும்.

இந்த 2022 என்றதும் ஞாபகம் வருகிறது. ஏணியையே அந்த வருஷம்தான் மாற்றிக் கட்டினார்கள். முன்பு ஆறாவது ஏழாவது படியில்கூட பாதி நாள் பஸ்ஸில் போக வேண்டியிருந்தது. எலெக்ட்ரீஷியன், நர்ஸ், பள்ளிக்கூட ஆசிரியர், காலேஜ் பையன்கள், இவர்கள்தான் டீம். காலை 9 மணிக்குக் கிளம்பி ராத்திரி வருவதென்றால் குடும்பஸ்தன் எத்தனை வாரம் வருவான்? அதனால் பட்டியல்களைச் சின்னதாக்கி, பக்கத்து ஊர்களாகச் சேர்த்தார்கள். எங்களுக்கு இப்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிற ஆட்டம் குறைவு.

ஆள் சேர்வதுதான் இன்றைக்கும் பெரிய பாடு. ஸ்க்ரமில், அதாவது இரண்டு டீமும் தோளைக் கோர்த்து எதிரெதிரே முட்டித் தள்ளும்போது, முன்வரிசையில் நிற்கிற மூன்று பேர் அதற்கென்று பழகியவர்களாக இருக்க வேண்டும், கழுத்து விஷயம். அவர்களில் ஒருவர் வராவிட்டால், மாற்றாளும் இல்லாவிட்டால், தள்ளாமல் சும்மா பிடித்து நிற்கிற ஸ்க்ரம்தான். போன நவம்பரில் 14 பேரோடு போனோம். எதிர் டீம் கேப்டன் எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, தன் ஆள் ஒருவனை எங்களுக்கே கொடுத்தார். அந்தப் பையன் 80 நிமிஷமும் தன் சொந்த டீமை விழுந்து விழுந்து மறித்தான்.

பெரியப்பா, 5:53
அடடா.

யாழினி, 5:55
கென்ட்டில் எந்தெந்த ஊர் டீம் எல்லாம் இருக்கிறது மாமா?

சிவா மாமா, 6:06
நிறைய. பிளாக்ஹீத் எல்லாவற்றுக்கும் மூத்தது, 1858. கால்பந்து சங்கம் 1863-ல் தொடங்கியபோது பிளாக்ஹீத்தும் உள்ளே இருந்தது. எதிராளியைக் காலில் உதைப்பதைத் தடை செய்தார்கள் என்பதற்காகக் கோபித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அது மேல் படியில் ஆடும் கிளப், எங்களுக்கும் அதற்கும் ரொம்ப தூரம்.

எனக்குப் பிடித்தவை கிழக்குக் கடற்கரைப் பக்கம் உள்ளவை. கென்ட்டில் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது தெரியுமா? கான்டர்பரிக்கும் டோவருக்கும் நடுவில். 1926 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சொந்த ஊரில் யாரும் வேலை தராத வேல்ஸ்காரர்களும் வடக்கத்திக்காரர்களும் அங்கே வந்தார்கள், சுரங்கத் தொழிலாளர்களுக்காகவே ஏல்ஷம் என்ற ஊரைக் கட்டினார்கள். வேல்ஸ்காரன் போகிற இடத்துக்கெல்லாம் ரக்பியும் போகும். கடைசிச் சுரங்கம் பெட்ஸாங்கர், 1989-ல் மூடிவிட்டார்கள். டீல் அண்ட் பெட்ஸாங்கர் என்ற கிளப் பெயரில் அந்தச் சுரங்கம் இன்னும் இருக்கிறது. ஸ்நோடவுன் கொலியரி வெல்பேர் என்றும் ஒரு கிளப், சுரங்கத்தின் பெயரே கிளப்பின் பெயர்.

அப்பா, 6:12
இந்தியாவில் வெள்ளைக்காரன் இதை ஆடவில்லையா?

சிவா மாமா, 6:20
ஆடினான். கல்கத்தாவில் 1873-ல் ஒரு கிளப் தொடங்கி, நாலைந்து வருஷத்தில் ஆள் குறைந்து கலைத்துவிட்டார்கள். வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து, 270 ரூபாய், அப்படியே உருக்கி ஒரு கோப்பை செய்து லண்டன் சங்கத்துக்கு அனுப்பினார்கள். மூன்று நாகப்பாம்பு கைப்பிடி, மூடியில் யானை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879-லிருந்து இன்றுவரை மோதுவது அந்தக் கல்கத்தா கோப்பைக்குத்தான். அந்த ஆட்டத்தை டிவியில் பார்க்கும்போது அந்த யானை மேல்தான் எனக்குக் கண் போகும்.

பெரியப்பா, 6:24
நம் வெள்ளி. சரி, பாயின்ட் கணக்கைச் சொல்லுங்கள் மாப்பிள்ளை, ராத்திரி எனக்குப் புரிய வேண்டும்.

சிவா மாமா, 6:29
பந்தைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தரையில் வைத்தால் ட்ரை, 5. அதற்குப் பிறகு கம்பத்துக்கு மேலே உதைத்தால் 2. எதிராளி தவறு செய்தால் கிடைக்கும் பெனால்டி உதை 3. லீக் பட்டியலில் ஜெயித்தால் 4, சமம் என்றால் 2. நாலு ட்ரை போட்டால் ஒரு போனஸ், தோற்றாலும் 7 அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்றால் ஒரு போனஸ். நான் கிளம்புகிறேன், கோடு போடுகிற வண்டியில் வெள்ளைப் பெயின்ட் நிரப்ப வேண்டும்.

வாணி அத்தை, 8:14
இடைவேளை. 12-10, நாம் முன்னால். மழை பிடித்துவிட்டது.

நிலவன், 9:31
தோற்றுவிட்டோம் பெரிய மாமா. 24-22. கடைசி நிமிஷத்தில் பெனால்டி கொடுத்தது நான்தான், அதிலிருந்துதான் அவர்கள் ட்ரை போட்டார்கள்.

பெரியப்பா, 9:32
அடி ஏதும் இல்லையே? எத்தனை ட்ரை போட்டீர்கள்?

நிலவன், 9:32
அடி இல்லை மாமா. நாலு ட்ரை. ஒரு உதைதான் உள்ளே போனது, காற்று.

பெரியப்பா, 9:36
நாலு ட்ரைக்கு ஒன்று. வித்தியாசம் இரண்டுதான், அதற்கு ஒன்று. இரண்டு பாயின்ட் வந்திருக்கிறது தம்பி. பட்டியலில் எங்கே நிற்கிறோம்?

நிலவன், 9:38
நாலாவது. மற்ற ஆட்டங்களின் முடிவு இன்னும் வரவில்லை. இரண்டு டீமும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறோம், அம்மா கோழிக் குழம்பு வைத்திருக்கிறார். கடைசி ட்ரை போட்டு எங்களைத் தோற்கடித்தவன் பக்கத்தில்தான் இருக்கிறான், இரண்டாவது தட்டு கேட்கிறான்.

பெரியப்பா, 9:39
நிறையப் போடச் சொல்.

வாணி அத்தை, 10:52
வீட்டுக்கு வந்துவிட்டோம். ஜெர்சிப் பை இந்த வாரம் நம் முறை. 7-ஆம் நம்பர் தோள் தையல் முழுக்கப் பிரிந்திருக்கிறது. அம்மா தூங்கவில்லை என்றால், அந்தப் பழைய இரட்டைத் தையலை எப்படிப் போடுவார் என்று கேட்டுச் சொல்லுங்கள் அண்ணா.